ஒரே நாளில் மலை ஏரியும் அருவியும்: காவிரி டெல்டாவிலிருந்து போய்வர ஒரு முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று டெல்டாவில் எங்கே நின்றாலும் கண்ணுக்கு எட்டிய வரை சமவெளிதான். ஆற்றோடும் வாய்க்காலோடும் பிறந்து வளர்ந்த நமக்குத் தண்ணீர் புதிதில்லை, மேடுதான் புதிது. அருவிக்குப் போகிற டெல்டாக்காரர்கள் சிக்கலில் மாட்டுவதும் இந்த இரண்டாலும்தான். தண்ணீர் தெரியும் என்ற தைரியத்தில் அருவித் தடாகத்தில் இறங்கிவிடுகிறார்கள். மேடு பழகாத காலோடு ஆயிரம் படி இறங்கிவிட்டு, ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

மலையுச்சிக்குப் போகிறவர் முதலில் ஏறுகிறார், பிறகு இறங்குகிறார். பாதி வழியில் களைத்தால் திரும்பிவிடலாம். அருவிக்குப் போவது இதற்கு நேர்மாறு. வண்டி மலைமேல் நிற்கும். அருவி பள்ளத்தில் விழும். காலையில் உற்சாகமாக இறங்கி, ஈரத்துணியோடு, பசியோடு, உச்சிவெயிலில் ஏற வேண்டும். அதனால் எல்லாவற்றையும் அந்தக் கடைசி ஏற்றத்தை வைத்தே திட்டமிட வேண்டும்: எப்போது கிளம்புவது, என்ன சாப்பிடுவது, யாரைக் கூட்டிப்போவது என்பது உட்பட.

எந்த இடம்?

ஒரே நாளில் போய்வரக்கூடியவை என்று பார்த்தால் கொல்லிமலை, அதன் அடிவாரத்துப் புளியஞ்சோலை, பச்சைமலை, திண்டுக்கல் அருகே உள்ள சிறுமலை ஆகிய நான்கைச் சொல்லலாம். திருச்சிக்காரர்கள் ஏற்காட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். கொடைக்கானல் இந்தப் பட்டியலில் வராது. தஞ்சாவூரிலிருந்து போகவே ஆறு மணி நேரம் பிடிக்கும். போய் ஏரியைச் சுற்றிவிட்டு அன்றைக்கே இறங்குவது ஓட்டுநரைத் தூங்கவிடாமல் செய்யும் வேலை. அங்கே போவதென்றால் ஒரு இரவாவது தங்குங்கள். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் உதகைக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பதையும், பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி தனியாக வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. மலைமேல் உயரம் சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர். அறப்பளீஸ்வரர் கோயிலை ஒட்டித் தொடங்கும் படிகளில் இறங்கினால் ஐயாறு என்கிற மலையாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் ஆகாய கங்கை. படிகள் ஆயிரத்துக்கு மேல். இந்த வழிகாட்டியில் அதிகம் சொல்லப்போவது இதைப் பற்றித்தான், ஏனென்றால் இதற்குத் தயாரானவர் மற்ற எல்லா இடத்துக்கும் தயார்.

படி இறங்க முடியாதவர்கள் கூட வந்தால் அதே கொல்லிமலையில் மாசிலா அருவி இருக்கிறது. கொஞ்ச தூரம் நடந்தால் போதும், குழந்தைகளும் பெரியவர்களும் குளிக்கலாம். நம்மருவியும் அப்படித்தான். ஏரி என்றால் வாசலூர்ப்பட்டியில் படகுத் துறை உண்டு.

ஆகாய கங்கையில் விழுந்த அதே ஐயாறு மலையிறங்கி வருகிற இடம் திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலை. பாறைகளுக்கு நடுவே ஓடும் தெளிந்த நீர், மர நிழல், வளைவு நெளிவான மலைப்பாதை ஏதும் கிடையாது. சொந்த வண்டி இல்லாதவர்களுக்கும் முதல்முறை போகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வோம். திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து துறையூருக்கு அடிக்கடி பேருந்து உண்டு. துறையூரிலிருந்து உப்பிலியபுரம் வழியாகப் புளியஞ்சோலை. திரும்பி வரும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று, போகிற பேருந்தின் நடத்துநரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சைமலை துறையூருக்கு வடக்கே. சோபனபுரம் வழியாக ஏறினால் டாப் செங்காட்டுப்பட்டி, மங்களம் அருவி. கும்பகோணம், அரியலூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பெரம்பலூர் வந்து, லாடபுரம் மயிலூற்று அருவிக்கோ கோரையாறு அருவிக்கோ போகலாம். இவையெல்லாம் மழையை நம்பிய அருவிகள். மழை பெய்து சில வாரங்கள் தண்ணீர் இருக்கும், பிறகு ஈரப்பாறை மட்டும்தான். மாசி, பங்குனியில் போய்விட்டு ஏமாந்து திரும்புகிறவர்கள் ஏராளம்.

எந்த மாதம்?

மேட்டூர் திறக்கிற ஜூன் 12ஐ வைத்தே டெல்டாவில் காலம் கணக்கிடுகிறோம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் அருவிகளுக்கு அந்தக் கணக்கு செல்லாது. மேட்டூருக்கு வரும் நீர் பெரும்பாலும் கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை தருவது. கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் ஆடி, ஆவணியில் கொஞ்சம் மழை கிடைத்தாலும், ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்குப் பருவமழைதான் அருவியை நிரப்புகிறது.

ஆனால் மழை கொட்டும் நாளில் அருவிக்குப் போகக்கூடாது. போனாலும் வனத்துறை விடாது. நல்ல காலம் மழை ஓய்ந்த மார்கழி நடுப்பகுதியிலிருந்து தை முடிய. பாறை ஊறி நிற்பதால் தண்ணீர் தொடர்ந்து வரும், கலங்கல் இருக்காது, வெயிலும் தாழ்ந்திருக்கும். சம்பா அறுவடை நெருங்குகிற வேளை என்பதால் விவசாய வீடுகள் மார்கழியிலேயே போய்விடுவது நல்லது. ஆவணி, புரட்டாசியும் மோசமில்லை. பிற்பகலில் இடிமழை வரும் என்பதால் நண்பகலுக்குள் தண்ணீரைவிட்டு ஏறிவிட வேண்டும்.

தவிர்க்க வேண்டிய நாட்கள் உண்டு. ஆடி 17, 18ல் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா. நம் ஊர் ஆற்றங்கரைகள் ஆடிப்பெருக்குக்கு நிறைகிற அதே நாளில் அந்த மலையும் நிறைந்துவிடும். வளைவுகளில் வண்டி நகராது. காணும் பொங்கலன்றும் அப்படியே.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை வானிலை அறிவிப்பைப் பாருங்கள். இங்கே பலரும் செய்யும் தவறு, தஞ்சாவூர் மாவட்டத்துக்கான அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது. பார்க்க வேண்டியது நாமக்கல், திருச்சி, சேலம் மாவட்டங்களுக்கானது. ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். முந்தின இரவு கனமழை பெய்திருந்தாலும் அருவிப் பாதையை மூடியிருப்பார்கள்.

மாசி முதல் வைகாசி வரை காட்டுத்தீக் காலம். 2018 மார்ச் 11ல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். புளியஞ்சோலையிலிருந்து காட்டு வழியே ஆகாய கங்கைக்குப் போய்விடலாம் என்று யாராவது அழைத்தால், கையில் வனத்துறை அனுமதியும் கூட வழிகாட்டியும் இல்லாமல் எந்தப் பருவத்திலும் போகாதீர்கள்.

மூன்று வாரம் முன்பே காலைப் பழக்குங்கள்

சமவெளியில் தினமும் 5 கி.மீ. நடக்கிறவருக்கும் படி இறங்கும்போது தொடை நடுங்கும். நடையில் வேலை செய்யாத விதத்தில் அங்கே தொடைத் தசை வேலை செய்கிறது: உடல் எடையைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டும். அதற்குப் பழக்கமில்லாத தசைதான் மறுநாள் கல்லாகிவிடுகிறது.

பழகுவதற்கு நம் பக்கத்திலேயே இடமிருக்கிறது. சுவாமிமலையில் 60 படி. திருச்சி மலைக்கோட்டையில் நானூற்றுச் சொச்சம். குளித்தலைக்கு அருகே அய்யர்மலையில் ஆயிரத்துக்குச் சற்று மேல். ஆகாய கங்கைக்கு இதைவிடப் பொருத்தமான ஒத்திகை கிடையாது. முதல் வாரம் வீட்டு மாடிப்படியில் ஒருநாள் விட்டு ஒருநாள் 15 நிமிடம் ஏறி இறங்குங்கள். இரண்டாம் வாரம் மலைக்கோட்டைக்கு ஒருமுறை. பயணத்துக்கு ஏழெட்டு நாள் முன்பு அய்யர்மலை. அங்கே ஏறி முடிக்க எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். அருவியிலிருந்து திரும்பி ஏற அதைப்போல ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்வது நியாயமான கணக்கு, ஏனென்றால் அங்கே ஏறும்போது ஏற்கெனவே களைத்திருப்பீர்கள். கடைசி மூன்று நாள் ஓய்வு. முந்தின நாள் பயிற்சி செய்தால் வலியோடுதான் கிளம்புவீர்கள்.

இதய நோய், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், மூட்டு அறுவை, மூச்சிரைப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஆகாய கங்கைப் படியில் இறங்கவே வேண்டாம். "பாதி தூரம் மட்டும் போய்ப் பார்க்கிறேன்" என்று அப்பாவோ பெரியம்மாவோ சொன்னாலும் அன்பாக மறுத்துவிடுங்கள். பாதி தூரம் இறங்கினால் பாதி தூரம் ஏறித்தான் ஆக வேண்டும். கோயிலில் நிழலும் அமைதியும் உண்டு. துணைக்கு ஒருவரை விட்டுவிட்டுப் போங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர். இதில் ஒரு லிட்டரை ஏறுவதற்கென்று தொடாமல் வைக்க வேண்டும். கீழே அருவி நீர் இருக்கிறதே என்று குடித்துவிடாதீர்கள். மேலே மனிதரும் மாடும் புழங்கும் ஊர்களைக் கடந்துதான் அது வருகிறது. இரண்டு பேருக்கு ஒரு உப்புக்கரைசல் பாக்கெட் (ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், குறைக்கக்கூடாது). பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

சாப்பாட்டுக்குப் புளியோதரையை மிஞ்சியது இல்லை. நல்லெண்ணெயும் புளியும் இருப்பதால் விடிகாலை கிளறியது மதியம் 2 மணிக்கும் கெடாது. சாதத்தை நன்றாக ஆறவிட்டுக் கிளறி, வாட்டிய வாழையிலையில் பொட்டலம் கட்டுங்கள்; சூடாகக் கட்டினால் உள்ளே வியர்த்துக் கெட்டுவிடும். தயிர்சாதம் கொண்டுபோவதானால் பாலை ஊற்றி, உறைக்கு ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் சேர்த்துப் பிசையுங்கள். மதியத்துக்குள் பதமாக உறைந்திருக்கும். தேங்காய்ச் சட்னி வேண்டாம், 5 மணி நேரத்தில் ஊசிப்போகும். சாப்பாட்டு மூட்டையை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்குங்கள். கீழே கொண்டுபோக ஆளுக்கு இரண்டு கடலை மிட்டாயும் ஒரு வாழைப்பழமும் போதும். அதையும் முதுகுப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடுங்கள். படியோரக் குரங்குகள் கையில் தொங்கும் கேரி பேக்கைத்தான் குறிவைக்கும். பறித்தால் விட்டுவிடுங்கள், இழுபறி செய்தால் கடித்துவிடும், பிறகு வெறிநாய்க்கடி ஊசி போட வேண்டியிருக்கும்.

செருப்பு விஷயத்தில் கறாராக இருங்கள். ரப்பர் செருப்பு போட்டு இறங்குகிறவர்கள்தான் அதிகம் வழுக்குகிறார்கள். ஈரத்தில் பாதம் செருப்புக்குள்ளேயே நழுவும், வார் பிய்ந்தால் மீதிப் படிகளை வெறுங்காலோடு ஏற வேண்டும். குதிகாலைப் பிடிக்கும் பின்பட்டை உள்ள சாண்டல், அடியில் ஆழமான வரிகளோடு இருந்தால் உத்தமம். கேன்வாஸ் ஷூவும் சரிதான். புது ஷூவை அன்றைக்கு முதல்முறையாகப் போடாதீர்கள். ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும், தொடையில் உரசிப் புண்ணாக்கும். பெண்களுக்கும் சேலையைவிடச் சுடிதார் பாதுகாப்பு. இறங்கும்போது கொசுவம் காலில் தட்டும்.

மீதியைச் சுருக்கமாகச் சொன்னால்: மாற்றுத்துணி ஒரு செட், துண்டு, போனுக்கு வாய்கட்டிய பிளாஸ்டிக் உறை, கிரேப் பேண்டேஜ், பிளாஸ்திரி, தினசரி மாத்திரைகள், சிறு டார்ச், விசில். மழைக்காலமானால் ஒரு பொட்டலம் உப்பு, அட்டைக்கு. மலைமேல் 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 6 டிகிரி குளிர்ச்சி என்று கணக்கு. மார்கழிக் காலையில் குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் கட்டாயம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. தட்டு, டம்ளர் எல்லாம் வீட்டிலிருந்தே எவர்சில்வரில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

மார்கழியில் மாலை 6 மணிக்கு மேல் இருட்டத் தொடங்கிவிடும். மலைப்பாதையை 5 மணிக்குள் இறங்கி முடித்துவிட வேண்டும். அப்படியானால் கோயிலிலிருந்து 3 மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும். சாப்பிட ஒரு மணி நேரம்; எனவே கடைசி ஆள் 2 மணிக்குள் மேலே வந்திருக்க வேண்டும். ஏற ஒன்றே முக்கால் மணி நேரம் வைத்தால், 12.15க்கு அருவியைவிட்டுப் புறப்பட வேண்டும். குளிக்க ஒன்றரை மணி நேரம், இறங்க முக்கால் மணி நேரம். ஆக, காலை 10 மணிக்குள் முதல் படியில் கால் வைத்தாக வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து திருச்சி வழியாக நாமக்கல் ஏறத்தாழ 145 கி.மீ., மூன்று மணி நேரம். திருச்சிக்குப் பிறகு முசிறி, தொட்டியம் என்று காவிரியின் வடகரையோடு போகிற பாதை. விடியும் நேரத்தில் அழகாக இருக்கும். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக மலையடிவாரத்துக் காரவள்ளி முக்கால் மணி நேரம். அங்கிருந்து மலைமேல் உள்ள செம்மேட்டுக்கு ஒரு மணி நேரம், பிறகு கோயிலுக்கு அரை மணி, முக்கால் மணி. நாமக்கல்லில் இட்லி சாப்பிட அரை மணி நேரத்தையும் சேர்த்தால், தஞ்சாவூரிலிருந்து 3.30க்குக் கிளம்பினால்தான் சரியாக வரும். கும்பகோணம் 2.30. மயிலாடுதுறை, நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து மக்கள் முந்தின இரவு திருச்சியிலோ நாமக்கல்லிலோ தங்கிவிடுங்கள். இல்லையென்றால் புளியஞ்சோலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வழியில் ஏதோ ஒரு காரணத்தால் 11.30 தாண்டிவிட்டதா? அன்றைக்கு ஆகாய கங்கையை விட்டுவிட்டு மாசிலா அருவிக்குப் போய்விடுங்கள். வந்த தூரத்தை நினைத்து மனம் ஒப்பாது. ஆனாலும் இருட்டில் படியேறுவதும் இருட்டில் 70 வளைவு இறங்குவதும் அதைவிட மோசம்.

70 வளைவுகள்

காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கும். பெட்ரோலை நாமக்கல்லிலோ சேந்தமங்கலத்திலோ நிரப்பிவிடுங்கள். டயர் காற்று, பிரேக், ரேடியேட்டர் தண்ணீர் மூன்றையும் முந்தின நாளே பார்த்திருக்க வேண்டும்.

ஏறும்போது வளைவுக்குள் நுழையும் முன்பே இரண்டாவது அல்லது முதல் கியருக்கு வந்துவிடுங்கள். வளைவின் நடுவில் கியர் மாற்றினால் வண்டி திணறும். எதிரே பேருந்து வந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிட வேண்டும், திரும்ப அதற்கு முழுச் சாலையும் வேண்டும். குறுகலான மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. இறங்குகிறவர் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

விபத்துகள் பெரும்பாலும் இறங்கும்போதுதான். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டால் முழு எடையும் பிரேக்கில் விழும். பிரேக் சூடேறி, கருகிய நாற்றம் வரும், பெடல் மிதித்தும் பிடிக்காது. நாற்றம் வந்த உடனே அகலமான இடத்தில் ஓரங்கட்டி 20 நிமிடம் ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டில் இருக்கும் இரும்பு விரிசல் விடும். இருசக்கர வண்டிக்காரர்களுக்கும் இதேதான். ஸ்கூட்டரில் கியர் கிடையாது என்பதால் இரண்டு பேர் உட்கார்ந்து இந்தப் பாதையில் இறங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

வாந்தி வருகிறவர்கள் முன் இருக்கையில் உட்கார்ந்து தொலைவில் சாலையைப் பார்க்க வேண்டும். உள்காது உடல் திரும்புவதை உணர, கண் போன் திரையில் நிலைத்திருப்பதால்தான் குமட்டுகிறது. வயிறு காலியாக இருந்தாலும் தவறு, முட்ட நிறைந்திருந்தாலும் தவறு. இரண்டு இட்லி போதும். மாத்திரை போடுவதானால் காரவள்ளிக்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரும் மருந்து அது, ஓட்டுநர் தொடக்கூடாது.

படி இறங்குவது

கட்டணம் கொடுக்கும் இடத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: இன்றைக்குத் தண்ணீர் எப்படி, எத்தனை மணிக்குள் மேலே வரவேண்டும். கீழே பள்ளத்தில் போன் சிக்னல் கிடைக்காமல் போகும். அதனால் பிரிந்தால் சந்திக்க ஒரு இடத்தையும் நேரத்தையும் மேலேயே பேசிவிடுங்கள்.

படிகள் ஒரே சீராக இருக்காது. சில இடத்தில் முழங்கால் உயரம், சில இடத்தில் செங்குத்து, நிழலில் உள்ள படிகளில் ஈரமும் பாசியும். பாதத்தைச் சற்றே பக்கவாட்டில் வைத்து, முழுப் பாதமும் படியில் பதியும்படி இறங்குங்கள். நுனிக்காலில் குதித்துக் குதித்து இறங்கினால் முழங்காலுக்கு அடி. கைப்பிடி உள்ள இடத்தில் ஒரு கை எப்போதும் அதில் இருக்கட்டும். தொடை நடுங்கத் தொடங்கியதும் நின்று இரண்டு நிமிடம் ஓய்வெடுங்கள். நடுக்கத்தோடு இறங்கும்போதுதான் கணுக்கால் பிசகுகிறது. குழந்தைகளை முன்னால் ஓடவிடாமல், பெரியவர் ஒரு படி கீழே நின்று கூட்டிப்போக வேண்டும்.

அருவியும் அதன் தடாகமும்

கீழே இறங்கியதும் உடனே குளிக்கப் போகாதீர்கள். பத்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீரைப் பாருங்கள். வியர்வை அடங்கட்டும், உடல் சூடு குறையட்டும். பிறகு முதலில் கால், கை, முகம், கடைசியில் தலை. சூடான உடம்போடு குளிர்ந்த நீரில் சட்டென்று பாய்ந்தால் மூச்சு திணறும், இதயத்துக்கும் அதிர்ச்சி.

அருவியின் நடு விழுப்பில் நிற்க ஆசைப்படுவீர்கள். 300 அடியிலிருந்து தண்ணீரோடு கூழாங்கல்லும் குச்சியும் வரும். ஓரத்தில் சிதறி விழும் சாரலில் நின்றாலே உடம்பு முழுவதும் தட்டியெடுத்துவிடும். தடாகத்தில் நீந்த வேண்டாம். காவிரியில் எதிர்நீச்சல் போட்டவர், கல்லணைக் கால்வாயை அக்கரை தொட்டவர் என்றாலும் இதையே சொல்வோம். ஆற்றில் நீர் ஒரே திசையில் ஓடும். அதோடு சாய்ந்து கரையேறலாம். அருவி விழும் இடத்தில் நீர் கீழ்நோக்கிப் போய், அடியில் புரண்டு, மேலே வந்து, மறுபடி விழுப்பை நோக்கியே இழுக்கும். நுரை பொங்கும் இடத்தில் காற்று நிறையக் கலந்திருப்பதால் உடல் வழக்கம்போல் மிதக்காது, கைவீச்சுக்குப் பிடிமானம் கிடைக்காது. அடியில் பாறை எங்கே இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது, அதனால் குதிப்பது என்ற பேச்சே கூடாது. இடுப்பளவுக்கு மேல் போகாதீர்கள், குழந்தைகள் முழங்காலளவு.

பாறையைப் பார்த்துக் கால் வையுங்கள். வெளிறி, சொரசொரப்பாக இருப்பது பிடிக்கும். கருத்து, பளபளத்து, தொட்டால் வழவழப்பது பாசி. அதில் எந்தச் செருப்பும் நிற்காது. அந்த இடத்தைக் கடக்கத்தான் வேண்டும் என்றால் உட்கார்ந்து நகருங்கள்.

இனி முக்கியமானது. நம் ஊர் வாய்க்காலில் தண்ணீர் ஏறுகிறதென்றால் எங்கோ மதகைத் திறந்திருக்கிறார்கள். முதல்நாளே செய்தி வரும், மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் சொல்லியிருப்பார், தண்ணீரும் மெல்லத்தான் ஏறும். மலையில் மதகு இல்லை. உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே, நாலு கிலோமீட்டர் மேலே பெய்த மழை சில நிமிடங்களில் அருவியாக வந்து விழும். அது வரும் முன் அறிகுறிகள் காட்டும். தெளிந்த நீர் லேசாகச் செம்மண் நிறத்துக்கு மாறும். இலை, சருகு, குச்சி திடீரென்று அதிகமாக மிதந்து வரும். விழுகிற ஓசை கனக்கும். சற்று முன் வெளியே தெரிந்த கல் ஒன்று மூழ்கியிருக்கும். குளிக்க இறங்கும் முன்பே கரையோரம் ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பார்க்கக் கரையில் ஒருவர் இருக்க வேண்டும். விசில் அவர் கையில் இருக்கட்டும்.

மேற்சொன்னவற்றில் ஒன்று தெரிந்தாலும் விசில் ஊதுங்கள். எல்லோரும் பையைக்கூட எடுக்காமல் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும். ஆற்றோடு கீழ்நோக்கி ஓடக்கூடாது, நீர் உங்களைவிட வேகமாக வரும். அக்கரையில் மாட்டிக்கொண்டவர் அங்கேயே மேடான இடத்தில் இருக்கட்டும்; வெள்ளம் வடியும், காத்திருக்கலாம். முழங்காலளவு நீர் வேகமாக ஓடினாலே ஆளைச் சாய்த்துவிடும்.

எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதுவும் வேண்டாம். கீழே புளியஞ்சோலையில் குளிக்கிறவர்களுக்கும் உப்பிலியபுரம் பக்கத்து வயல்களுக்கும் போகிற தண்ணீர் அது. எண்ணெய்க் காலோடு நடந்த பாறையில் அடுத்தவர் வழுக்கிவிடுவார்.

திரும்பி ஏறுவது

ஈர உடையை மாற்றிவிட்டு ஏறுங்கள். வாழைப்பழம், கடலை மிட்டாய், கால் லிட்டர் உப்புக்கரைசல், பிறகு பத்து நிமிடம் கழித்து முதல் படி. ஐம்பது படி எண்ணி ஏறுங்கள், ஒரு நிமிடம் நின்று மூச்சு விடுங்கள். உட்காராமல் நின்றபடி. உட்கார்ந்தால் தசை இறுகி, எழுந்து அடுத்த பத்துப் படி ஏறவே சிரமப்படும். இருநூறு படிக்கு ஒருமுறை மட்டும் நிழலில் உட்கார்ந்து இரண்டு வாய் தண்ணீர். பேச முடியாத அளவு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள். கூட்டத்தில் யார் மெதுவாக ஏறுகிறாரோ அவரை முன்னால் விட்டு அவர் வேகத்தில் எல்லோரும் போங்கள். பின்னால் விட்டால் அவர் எங்கே நின்றார் என்றே தெரியாது.

நெஞ்சில் அழுத்தம், இடது கை வலி, தலைசுற்றல், வியர்வை நின்று தோல் சுடுவது இவற்றில் எது வந்தாலும் ஏறுவதை நிறுத்துங்கள். நிழலில் உட்காரவைத்து ஈரத்துண்டால் துடைத்து, வேகமாக ஏறக்கூடிய ஒருவரை மேலே அனுப்புங்கள். 108க்குச் சிக்னல் அங்கேதான் கிடைக்கும். செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. கணுக்கால் பிசகினால் உருவிவிடாதீர்கள். கிரேப் பேண்டேஜை விரல் பக்கமிருந்து மேல்நோக்கிச் சுற்றி, இரண்டு பேர் தோளில் தாங்கிக் கூட்டிவர வேண்டும். பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. காலை அசைக்காமல் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அட்டை கடித்திருந்தால் பிடுங்காமல் உப்பை வைத்தால் தானே விழும். ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், பயப்பட வேண்டாம்.

மேலே படி முடியும் இடத்தில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்பார்கள். ஆட்டுக்கால்போல ரோமம் மூடிய கிழங்கைத் தோல் சீவி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்தது. ஏறிவந்த களைப்புக்கு ஆவி பறக்கும் அந்த டம்ளர் அமிர்தம்தான். மூட்டுவலி ஒரே டம்ளரில் போய்விடும் என்று நம்பிச் சாப்பிடுகிற மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மலை மிளகும் அன்னாசியும் வாழையும் மலைவாழ் மக்களே விற்பார்கள். பேரம் பேசாமல் வாங்குங்கள், உழைப்புக்கு அந்த விலை குறைவுதான்.

ஏரிகள்

வாசலூர்ப்பட்டியோ, 18 வளைவு ஏறிப்போகிற சிறுமலை ஏரியோ, ஏற்காட்டு ஏரியோ, பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கும். கரையோரம் சேறும் அடியில் கொடியும் உண்டு. நம் ஊர்க் குளத்தில் படித்துறை இருக்கும். இங்கே கரை நேரே சரியும். எனவே படகில் மட்டும், உயிர்காப்புச் சட்டையின் எல்லா வாரையும் மாட்டிக்கொண்டு. சட்டையைச் சும்மா தோளில் தொங்கவிட்டால் நீரில் விழுந்ததும் அது மட்டும் மேலே மிதக்கும். படகில் எழுந்து நின்று படம் எடுக்காதீர்கள். அருவி போய்வந்த நாளில் ஏரியைக் கடைசியாக வைக்காமல், நேரம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

திரும்பும்போது ஓட்டுநர் விடிகாலை 3 மணிக்கு எழுந்தவர் என்பதை மறக்காதீர்கள். அருவியில் இறங்காமல் கோயில் நிழலில் அவர் இரண்டு மணி நேரம் தூங்கியிருந்தால் நல்லது. இல்லையென்றால் நாமக்கல்லில் டீ குடித்துவிட்டு, ஓட்டத் தெரிந்த இன்னொருவர் மாற்றி ஓட்டட்டும். முசிறிக்கும் திருச்சிக்கும் நடுவேதான் கண் சொருகும்.

அன்றிரவு வெதுவெதுப்பான நீரில் காலைப் பத்து நிமிடம் வையுங்கள், தொடையையும் கெண்டைக்காலையும் மெல்ல நீட்டி மடக்குங்கள். வலி மறுநாளைவிட இரண்டாம் நாள்தான் அதிகமாக இருக்கும்; அது தசை வலி, சும்மா படுத்திருப்பதைவிட மெதுவாக நடந்தால் சீக்கிரம் விடும். மூன்றாம் நாளுக்குப் பிறகும் ஒரே முழங்காலில் வீக்கம் இருந்தாலோ, சிறுநீர் டீ நிறத்தில் போனாலோ மருத்துவரைப் பாருங்கள். ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துங்கள். அந்த வாரத்துக்குள் வண்டியை மெக்கானிக்கிடம் விட்டு பிரேக் பேடையும் பிரேக் ஆயிலையும் பார்க்கச் சொல்லுங்கள்.